அக்கா பார்த்தது

மனிதர்கள் பொய் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அக்காவுக்கு ஒரு முகம் அமைந்துவிட்டது. மேலுதடு ஒரு பக்கம் ஏறி, மூக்கு சுருங்கி, கெட்டுப்போன பாலை முகர்ந்து பார்த்த மாதிரி ஒரு முகம். தூங்கும்போதுகூட அது முழுசாக இறங்குவதில்லை என்று அவளுடைய தம்பி பொண்டாட்டி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை அப்படிப்பட்டது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ட்ரை கிளீனிங் கடையில் துணி வாங்குகிற கவுண்டர் அவளுடையது. வருகிற ஒவ்வொரு துணியையும் விரித்து, புரட்டி, காலர், அக்குள், கை ஓரம், பை உள்பக்கம் எல்லாம் பார்த்து, இருக்கிற குறையைச் சீட்டில் எழுதித் துணியோடு சேர்த்துக் குத்த வேண்டும். எழுதாமல் விட்டால், அந்தக் கறையைக் கடைதான் போட்டது என்று வாய் கூசாமல் சத்தியம் செய்வார்கள். ஒரே ஒரு தடவைதான் போட்டேன் என்று ஒருவர் கோட்டை நீட்டுவார். அக்குளில் வியர்வை உப்பு கோடு கோடாகக் காய்ந்திருக்கும். பையில் ஒன்றுமே இல்லை என்று இன்னொருவர் சொல்வார். மூக்குச் சிந்திய கைக்குட்டை உள்ளே மொடமொடவென்று கிடக்கும். காபி கொட்டிவிட்டது என்பார் ஒரு அம்மா. அது காபி இல்லை என்று முகர்ந்து தெரிந்துகொள்ள வேண்டியவள் அக்கா. அவள் யாரிடமும் வாதாடுவதில்லை. "சரி" என்பாள், எழுதுவாள், குத்துவாள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் முதலாளியும் உட்பட, கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

கட்டிக்கொண்டவன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான். அவனைப் பற்றி யாராவது கேட்டால், "அந்தச் சரக்கைச் சரியாப் பாக்காம வாங்கிட்டேன்" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

பழைய கைக்கடிகாரங்களை ஆசையால் வாங்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. அக்கா ஆத்திரத்தால் தொடங்கினாள். பாலத்துக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில், டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு குட்டி வாட்ச்சை, சாவி கொடுத்தால் போதும், உங்களுக்கு அப்புறமும் ஓடும் என்ற வாக்கை நம்பி வாங்கினாள். பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்வதற்குள் அது நின்றுவிட்டது. கையில் கொடுப்பதற்கு முன்னால் விற்றவன் அதை உள்ளங்கையில் வைத்து ஒரு உலுக்கு உலுக்கினானே, அது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. காசு போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. நாள் முழுக்க ஊரார் சுற்ற வரும் பூவைப் பிடுங்கி எறிகிறவள் காதிலேயே ஒருவன் பூ சுற்றிவிட்டானே என்றுதான் வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் சண்டைக்குப் போனாள். நீங்கள் சாவி கொடுக்கத் தெரியாமல் முறுக்கியிருப்பீர்கள் என்று அவன் பல்லைக் காட்டினான். அவள் திரும்பி வரவில்லை. அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தாள். அதற்கு அடுத்த வாரமும் போனாள். கண்ணில் சொருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வாங்கினாள். சீக்கிரமே அந்தச் சந்தையின் பாஷை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

வயசுக்கேத்த அழகு என்றால் டயலில் பூசணம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சர்வீஸ் ஆனது என்றால் பின்மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடியிருக்கிறார்கள், அதுவும் நல்ல மனசுக்காரனாக இருந்தால். எந்த வாட்ச்சை எடுத்தாலும் அதை ஒரு டாக்டர் கட்டியிருந்தார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஊரில் நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகம். எல்லாவற்றையும்விட அவளுக்குக் குமட்டியது 'புதுசு மாதிரி' என்ற பேச்சுதான். புதுசு மாதிரி என்று சொல்லப்பட்ட வாட்ச்சை லென்ஸில் பார்த்தால், பளபளப்புக்காகத் தேய்த்துத் தேய்த்து, பட்டை மாட்டும் முனைகள் சப்பித் துப்பிய மிட்டாய் போல மழுங்கியிருக்கும். டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். எழுத்துகள் வீங்கியிருக்கும், நிமிடக் கோடுகள் ஒன்று ஒல்லி ஒன்று தடி. முள் வேறொரு செத்த வாட்ச்சிலிருந்து பிடுங்கியதாக இருக்கும். இத்தனையும் செய்துவிட்டு, கை படாதது என்பான்.

விலை விஷயத்தில் அவளுக்கு ஒரே சட்டம். ஓடுகிற வாட்ச்சையும் ஓடாத வாட்ச் என்று வைத்துத்தான் பேசுவாள். ஓட்டம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். டயலும் கூடும் உள்ளே இருக்கும் பாகங்களும்தான் சரக்கு. போன வாரமே ஒருத்தர் இவ்வளவு கேட்டார், கொடுக்கவில்லை என்று அள்ளி விடுகிறவனிடம், கொடுத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். மூடியைத் திறக்க யோசிப்பவனிடம் அப்புறம் பேச்சே கிடையாது. கண்ணாடி கீறி, டயல் பழுப்பேறி, ஒருவரும் கை வைக்காமல், அடிபட்டதை அடிபட்டது என்று காட்டிக்கொண்டிருக்கும் வாட்ச் எப்போதாவது ஒன்று கிடைக்கும். அப்போது மட்டும் அந்த முகம் கொஞ்சம் இறங்கும். அப்படிச் சேர்ந்தவற்றை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். சந்தைக்கு வருகிறவர்களும் தாங்கள் எடுத்ததை அவளிடம் நீட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் சொன்னால் சரியாக இருந்தது. உலகத்தில் அவளுக்கென்று இருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். அவளும் அதை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

தம்பி எதிலும் நிலைத்தவனில்லை. போன் கவர் விற்றான், இன்சூரன்ஸ் பிடித்தான், யாரோடோ கூட்டுச் சேர்ந்து வாடகை வண்டி விட்டான். எல்லாம் ஊற்றிக்கொண்டதும் பொண்டாட்டி பிள்ளையோடு அக்கா வீட்டுப் பின் அறைக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் அந்தத் தகர டப்பாவைப் பார்த்தான். இதில் காசு இருக்கிறது போலிருக்கிறதே என்றான். அக்கா வாங்குகிறவர்கள் பக்கம் நின்றாள். அவன் போய் விற்கிறவர்கள் பக்கம் நின்றுகொண்டான். அவளுக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் காலையில் அவன் குளித்துக் கிளம்பிப் போவதைப் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தட்டை நகர்த்திவிட்டு, வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். அக்கா, கொஞ்சம் பாரேன் என்பான். அவள் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்து உள்ளதைச் சொல்வாள். ஒருநாள் நீல முள் வைத்த ஒரு வாட்ச்சைக் கொண்டுவந்தான். பார்வைக்கு ஆளை மயக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே மூக்குப்பொடி கொட்டியது போலத் துரு. டயல் முழுக்கப் புதுப் பெயிண்ட். நொடி முள் வேறு எதிலிருந்தோ வந்து, கோட்டை எட்டாமல் பாதியில் நின்றது. இது குப்பை, யார் தலையிலும் கட்டாதே, உதிரி பாகத்துக்குக் கொடுத்துவிடு என்றாள். சரிக்கா என்று காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

சில வாரம் கழித்து, சந்தையில் புதிதாகக் கடை போட்டிருந்த ஒருவன் அவளைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டான். விரித்த துணியிலிருந்து ஒரு வாட்ச்சை எடுத்து நீட்டினான். தூரத்திலிருந்தே தெரிந்தது, தேய்த்துக் கொன்ற கூடு. விலை சொன்னான். இந்தக் குப்பைக்கா இந்த விலை என்று அவள் முகமே கேட்டிருக்க வேண்டும்.

"யோசிக்காதீங்கம்மா. இது அக்கா பாத்தது."

"எந்த அக்கா?"

"சலவைக்கடை அக்கா. அவங்க பாத்துட்டாங்கன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

அந்த வாட்ச்சை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. இப்படிச் சொல்ல உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள். எல்லோரும்தான் சொல்கிறார்கள், போன் குழுவிலேயே போடுகிறார்களே என்று அவன் போனை எடுத்துக் காட்டினான். பழைய வாட்ச் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இருக்கும் குழு. தம்பியின் பேரில் வரிசையாகப் படங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் விலை, விலைக்கு மேலே அந்த இரண்டு சொல்: அக்கா பார்த்தது. அந்த இரண்டு சொல்லுக்காகவே விலையில் பாதி ஏறியிருந்தது. வாய்க்குள் எச்சில் கசந்தது. துப்ப இடம் தேடி, கிடைக்காமல் விழுங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் பதறவில்லை. ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகக் கேட்டான்.

"நான் என்ன எழுதினேன்? நல்ல வாட்ச்னு எழுதினேனா? 'அக்கா பார்த்தது'ன்னுதானே எழுதினேன். நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"அப்புறம் இதுல பொய் எங்க இருக்கு?"

"குப்பைன்னு சொன்னேனேடா."

"அதை யாரும் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பொய்யாக இருந்தால் அவளுக்குத் தெரியும் என்ன செய்வதென்று. அதற்குத்தானே அவளைக் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். இது பொய் இல்லை. உண்மையையே எடுத்து அழுக்குத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து காயப் போட்டிருக்கிறான். அந்த அழுக்கைத் தொட்ட கையாலேயே அவனுக்குச் சோறு போட்டதை நினைத்தபோது அருவருப்பாக இருந்தது. இனிமேல் போட மாட்டேன் என்று ஒரு வழியாக ஒப்புக்கொண்டான். நீல முள் வாட்ச் எங்கே என்று கேட்டதற்கு, அது அப்பவே போயிடுச்சு என்றான். யாருக்கு என்றாள். யாரோ ஒருத்தர் என்று சொல்லிவிட்டுப் பின் அறைக்குள் போய்விட்டான். தன் பேரை நம்பி எவனோ ஒரு புண்ணியவான் அந்தத் துருவைக் கையில் கட்டிக்கொண்டு திரிகிறான் என்பது முள் மாதிரி தைத்துக்கொண்டே இருந்தது. அவளால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் ஆவியும் சூடுமாக இஸ்திரிக்காரரின் மேஜை. அக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை அக்கா என்பார். இதில் யார் மூத்தவர் என்று புது ஆட்கள் குழம்புவார்கள். உலகத்தில் ஒருவர் வாயிலிருந்து வருவதை அக்கா சோதித்துப் பார்க்காமல் எடுத்துக்கொள்வாள் என்றால் அது அவர் ஒருவர்தான். துணி பொசுங்கிவிட்டால் யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவரே கையில் எடுத்துக்கொண்டு வந்து, நான்தான் பொசுக்கிட்டேன் என்று நிற்பார். தினமும் அவர் போய் டீ வாங்கி வருவார். அவளுடைய டம்ளரைக் கவுண்டர் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். வெகு நாள் பழக்கம் அது. ஆனால் கொஞ்ச காலமாக அதோடு ஒரு பிஸ்கட்டும் சேர்ந்து வந்தது. அக்கா அதை ஏன் என்று கேட்டதில்லை.

அன்றைக்கு அவளுடைய போன் சார்ஜில் கிடந்தது. திரையை விலக்கி மணி என்ன என்று கேட்டாள். இஸ்திரிக்காரர் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து மணி சொன்னார். மணி சரிதான். ஆனால் சொல்வதற்கு முன் அவர் கண் ஒரு நொடி இஸ்திரி அறைக் கதவுக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டு வந்தது. துணியில் மறைத்து மடித்து வைத்த கிழிசலையே கண்டுபிடிக்கிறவளுக்கு இது தப்புமா.

"அண்ணே, அந்த வாட்ச் ஓடுதா?"

"ஓடுதுக்கா" என்றார், சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டே.

அவர் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கையை நீட்டினாள். வேண்டாம்கா என்றார். நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை. கடைசியில் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடிக்குள் ஆவி புகுந்து மங்கியிருந்தது. மங்கலுக்குள்ளே நீல முள் அசையாமல் கிடந்தது. லென்ஸே தேவைப்படவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து அவள் குப்பை என்று தள்ளிய அதே வாட்ச்.

தம்பியிடம் வாங்கினீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றார். நல்ல இடத்துக்குப் போகும்போது கட்டிக்கொள்ள ஒரு வாட்ச் வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, அக்கா பார்த்தது என்றதும் பேரம்கூடப் பேசவில்லை என்றார்.

"அண்ணே, நான் இதைப் பாத்தேன். குப்பைன்னு அவன்கிட்ட சொன்னேன்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி, மெதுவாகப் பேசினார்.

"குப்பைன்னு எனக்குத் தெரியும்கா. வாங்கின வாரமே நின்னுடுச்சு. ரிப்பேர் கடைக்காரன் திறந்து பாத்துட்டுச் சிரிச்சான். அப்பவே யோசிச்சேன். உங்க கண்ணுக்கு இது தப்பியிருக்காது. தெரிஞ்சுதான் விட்டிருக்கீங்க. தம்பிக்கு என்ன நெருக்கடியோ. கூடப் பொறந்தவனுக்காக நானா இருந்தாலும் செஞ்சிருப்பேன். அதனால உங்ககிட்ட கேக்கலை."

அப்போதுதான் அவளுக்கு அந்த பிஸ்கட் புரிந்தது. இத்தனை நாளாக இந்த மனிதர் அவளை ஒரு திருடி என்று நினைத்திருக்கிறார். நினைத்துவிட்டு, மன்னித்துவிட்டு, அதற்காக அவள் கூனிக் குறுகிவிடக் கூடாதே என்று தன் பங்கைக் குறைத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அவளும் அதை டீயில் நனைத்து நனைத்துத் தின்றிருக்கிறாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்குவதைவிடக் கேவலம் வேறு இல்லை என்று தோன்றியது. எனக்குத் தெரியாது அண்ணே, நீங்கள் வாங்கியதே தெரியாது, விற்காதே என்றுதான் சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தன் குரலே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் குரல் போலக் கேட்டது.

"சரிக்கா. விடுங்க" என்றார் அவர்.

அந்தச் சரியை அவளுக்குத் தெரியாதா என்ன. அதைச் சொல்லியே காலம் தள்ளுகிறவள் அவள்.

அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வழியெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சப்பைக்கட்டு எதுவும் வேண்டாம், சுற்றி வளைக்க வேண்டாம், நடந்தது நடந்தபடி சொல், அது போதும். பணத்தையும் அவளே எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். தம்பியும் முரண்டு பிடிக்கவில்லை. இஸ்திரிக்காரர் தலையிலேயே கட்டினோமே என்று அவனுக்கே உறுத்தியிருக்க வேண்டும், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆவிக்கு நடுவில், மேஜைக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்கா அவனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அக்கா மேல எந்தத் தப்பும் இல்லை. விக்காதேன்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கலை. எல்லாம் நான் செஞ்சதுதான்" என்று பணத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவன் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. ஆனால் கேட்கக் கேட்கவே அவர்கள் நிற்கும் கோலம் அவள் கண்ணில் பட்டது. பெரியவள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் விறைத்துக்கொண்டு நிற்க, முன்னால் ஒருத்தன் தலை குனிந்து, சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிறான். பார்க்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது.

இஸ்திரிக்காரர் தம்பியைப் பார்த்தார். அவனைத் தாண்டி அக்காவைப் பார்த்தார். மேஜையைச் சுற்றி வந்து அவன் தோளில் கை வைத்து, பணத்தை எடுத்து அவன் பையிலேயே திணித்து, வீட்டுக்குப் போப்பா என்றார். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். போ என்று அவரே அவனைத் திரை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

திரும்பி வந்து பெட்டியைக் கையில் எடுத்தார். அவள் பக்கம் பார்க்காமலேயே பேசினார்.

"வாட்ச்சை நான் அப்பவே மறந்துட்டேன். ஆனா உங்க பேருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு, கூடப் பொறந்தவனைக் கூட்டிட்டு வந்து என் முன்னால பழியேத்துக்க வைக்கிறீங்களே. இதை என்னால மறக்க முடியாதும்மா."

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அதே உண்மைதான் இருந்தது. கவுண்டரில் யாரோ மணியைத் தட்டினார்கள். அவர் சட்டையை விரித்துக் காலரில் பெட்டியை வைத்தார், ஆவி இரண்டு பேருக்கும் நடுவில் எழும்பியது, அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.